முப்பத்து மூன்றரை

வெளியே மைனஸ் நாற்பத்தொன்பது.
யாகூத்ஸ்கில் விடுகிற மூச்சே
மாவாய்க் கழுத்தில் உதிரும் மாதம்.
இந்த ஊரில்தான்
என் மகளைக் குளிரவைக்க வேண்டும் என்றார்கள்.

தொப்பியைக் கழற்றிவிட்டு
மறுபடி கேட்டேன்.
டாக்டர் ஐதாலினா அதையே சொன்னார்:
முப்பத்து மூன்றரை டிகிரி,
எழுபத்திரண்டு மணி நேரம்.
ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.
மூன்று ஏற்கெனவே போய்விட்டது.

பனிக்குடம் உடைந்ததும்
கொடி முந்திக்கொண்டு வந்துவிட்டதாம்.
தலை அதன்மேல் அழுத்தியதாம்.
பதினொரு நிமிடம்.
அப்போது நான் லேனா ஆற்றின் நடுவே,
பனிச்சாலையில்,
பன்னிரண்டு டன் மாவோடு வந்துகொண்டிருந்தேன்.
பாட்டுகூடக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கண் குளிரப் பார்க்க வந்தவன்
கண்ணெதிரே குளிர்கிற பிள்ளையைப் பார்த்தேன்.
உள்ளே தண்ணீர் ஓடும் மெத்தை.
நடுங்காதிருக்க மருந்து.
மணிக்கட்டுப் பட்டையில் பெயர் இல்லை,
'ஜுலுஸ்தானின் மகள்' என்று மட்டும்.
மண்டைத் தோலில் மெல்லிய ஊசிகள்;
அவை திரையில் எழுதிய கோடு
நைந்த கயிறாய் மெலிந்து கிடந்தது.

"மூச்சு முட்டியது முதல் அடி.
அது பட்டாயிற்று" என்றார் டாக்டர்.
"சில மணி நேரம் சாதுவாய் இருந்துவிட்டு
இரண்டாவது கிளம்பும்,
அடுப்பு அணைந்தபின் சாம்பலுக்குள்ளிருந்து பிடிக்கிற தீ மாதிரி.
அதைத்தான் குளிரால் தடுக்கப் பார்க்கிறோம்."

எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே
எனக்குப் புரியும்.
நவம்பரில் முடுக்கிய இஞ்சினை
மார்ச் வரை நாங்கள் அணைப்பதில்லை.
நான் தூங்கும்போதும் தெருவில்
உறுமிக்கொண்டு கிடக்கும்,
எதையும் இழுக்காமல்,
உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு.
அப்படியா, என்று கேட்டேன்.
டாக்டர் கொஞ்சம் யோசித்துக்
"கிட்டத்தட்ட" என்றார்.

இரண்டாம் ராத்திரி
நர்ஸ் அக்சீனியா குழாயைச் சரிசெய்தபடி பேசினாள்.
கருவில் மூளைச் செல்கள்
இழை ஒன்றைப் பற்றிக்கொண்டு
உள்ளிருந்து வெளியே ஏறுமாம்.
பிந்திப் பிறந்தது
முந்திப் பிறந்ததைத் தாண்டி
மேலே போய் உட்காருமாம்.
ஆறாம் மாதம்வரை முட்டைபோல் வழவழப்பு,
அப்புறம்தான் மடிப்பு விழுமாம்.
குன்னேயின் வயிற்றுக்குள்
இவ்வளவு போக்குவரத்தா!
காதை வைத்துக் கேட்டவன்தான் நான்.
ஒரு ஹாரன் சத்தம் கேட்டதில்லை.

மூன்றாம் நாள். விடியாத காலை.
கோடு அகன்றது.
குறுகியது.
வெகுநேரம் கழித்து மறுபடி அகன்றது.
"தூங்கி விழிக்கிறாள்" என்றாள் அக்சீனியா.
பிள்ளையோ கண்ணே திறக்கவில்லை.
"உள்ளே" என்றாள்.

பிறகு சூடேற்றினார்கள்.
மணிக்கு அரை டிகிரி, அதற்கு மேல் கூடாது.
அதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
பதினாறு வயதில்
விறைத்த கையை அடுப்பில் ஒட்டவைத்தவன் நான்.
இடது சுண்டுவிரல் இல்லாத கையைச்
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாலாவது மணியில் மீத்ரெய் போன் செய்தான்.
"உன் வண்டி அணைந்து கிடக்கிறது.
டீசல் ஊற்றவில்லையா?"
ஐந்து குளிர்காலத்தில் முதல் தடவை.
கிடக்கட்டும் என்றேன்.

முப்பத்தாறரை.
தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி
குன்னேய் சக்கர நாற்காலியில் வந்தாள்.
விரலை உதட்டில் வைத்தாள்.
உறிஞ்சினாள் பிள்ளை, இரண்டு முறை.
பிறகு மறந்துவிட்டாள்.
நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பிறகு மூன்றாவது முறை.

அடுத்த வாரம் ஸ்கேன்.
நடப்பாளா, பேசுவாளா, கை சொன்னபடி கேட்குமா?
"இரண்டு வயதில் கேளுங்கள்" என்றார் டாக்டர்.
பொய் சொல்லாததற்காக
அவர் மேல் கோபமாய் வந்தது.

கீழே லாரி கல்லாய் இறுகிக் கிடந்தது.
தார்ப்பாய் போர்த்தி,
அடியில் தகரத்தில் சின்னதாய் நெருப்பு வைத்துப்
பக்கத்தில் குந்தினேன்.
கூட்டட்டுமா என்றான் மீத்ரெய்.
வேண்டாம் என்று கை காட்டினேன்,
நாலு விரல் கையை.