சண்டைக்காரன் லியூட்டோல்ட்

தன்யூப் கரை மடத்தின் கெண்டைக் குளத்தில்
பாதி தன்னுடையது என்றான் பிரபு லியூட்டோல்ட்.
கயிறு போட்டு அளந்தும் காட்டினான்,
முழங்கால் பனியில் நின்று.

வழக்கு பதினோரு ஆண்டு.
வெள்ளிதோறும் மீன் மட்டும்
மடத்துச் சட்டியிலேயே வெந்தது.

அந்தச் சீமையில் எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான்:
துறவி வோல்ஃபிராட்.
வாத்திறகைச் சீவி
செத்த பிரபுக்களை வரிசையில் வைத்தார்.
நெட்டையன், மொட்டையன், பக்திமான்...
லியூட்டோல்ட் முறை வந்ததும்
விரலில் ஒட்டிய செதிலைத் துடைத்துவிட்டு
'சண்டைக்காரன்' என்றெழுதி
ஈரம் காய மணல் தூவினார்.

எண்ணூறு வருஷமாய்க் கல்லறையிலும் அதே பேர்.

குளம் தூர்ந்து இப்போது பேருந்து நிலையம்.
அஸ்திவாரம் தோண்டியபோது
எல்லைக்கல் ஒன்று அகப்பட்டதாம்,
அவன் சொன்ன இடத்திலேயே.
பிள்ளைகள் அதில் சைக்கிள் சாய்க்கிறார்கள்.