தூங்கத் தெரிந்த சிப்

லுவ்சான் கடையில் மூன்றையும் வாங்கினேன்.
உலான்பாத்தரில் அன்று மைனஸ் இருபத்தொன்பது.
கையுறையைக் கழற்றிக் காசு எண்ணி முடிப்பதற்குள்
விரல்கள் யாருடையவையோ ஆகிவிட்டன.

ஒன்று, வைஃபை உள்ளது.
இரட்டை மூளை. இருநூற்று நாற்பது மெகாஹெர்ட்ஸ்.
விலை ஒரு தட்டு பூஸ் அளவுதான்.
இன்னொன்று முப்பத்திரண்டு பிட்,
பூரான்போல் நாற்பத்தெட்டுக் கால்.
கடைசியாக
எட்டு பிட், எட்டுக் கால்,
கம்பளத்தில் விழுந்தால் குதிகாலால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"இதையா?" என்றான் லுவ்சான்,
"பொம்மைக் காருக்கு வாங்கிப் போவார்கள்."

யஞ்ச்மா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.
அடுப்பு அணையும் நேரத்தில்
மணமில்லாமல் ஒன்று கிளம்புமாமே, அது வந்தால் கத்த வேண்டும்.
கணவன் லாரியோடு எல்லையில் நிற்கும் இரவுகளில்
கூடாரத்தில் அவளும் இரண்டு பிள்ளைகளும்தான்.
மின்சாரம் போனாலும் கத்த வேண்டும்.
"வசந்தம் வரைக்கும் பேட்டரி மாற்ற மாட்டேன்.
மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்."

தரவுத்தாளில் மூன்றுமே நன்றாகத் தூங்குகின்றன.
மைக்ரோஆம்பியர், மைக்ரோஆம்பியர் என்று
எல்லாப் பக்கத்திலும் குறட்டை.
மீட்டரை வைத்துப் பார்த்தால்
பலகையில் ஒரு சிவப்பு விளக்கு மட்டுமே
சிப்பைவிட ஆயிரம் மடங்கு தின்கிறது.
ஏட்டுச் சுரைக்காய்.
கத்தி நுனியால் விளக்கைச் சுரண்டி எடுத்தேன்.

பிறகு மூன்றையும் ஒரே மாதிரிப் பேட்டரிகளோடு
வெளியே நிலக்கரிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு
உள்ளே வந்து படுத்தேன்.
தூங்கவில்லை. தேநீர் இரண்டு முறை ஆறியது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
வைஃபைக்காரன்
வாயைத் திறக்க ஒவ்வொரு முறையும்
முந்நூறு மில்லிஆம்பியர் கேட்டிருக்கிறான்.
உறைந்த பேட்டரி தலைகுனிந்திருக்கிறது.
உடனே மயக்கம், மறுபடி விழிப்பு, மறுபடி மயக்கம்.
இரவெல்லாம் பிறந்து பிறந்து செத்திருக்கிறான்,
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் தடவை.
பூரான் பிழைத்திருந்தது.
ஆனால் இனி ஆறு வாரம் கழித்துத்தான் சரக்கு வரும் என்றான் லுவ்சான்,
குளிர் ஆறு வாரம் காத்திருக்காது.

பொம்மைக் கார் சிப்
எட்டு நொடிக்கு ஒருமுறை கண் திறந்து
எண்ணி, மூடி, எண்ணி, மூடி,
அசையாமல் கிடந்தது.
கடிகாரம் மட்டும் கொஞ்சம் பின்தங்கியிருந்தது.
குளிரில் யார்தான் பின்தங்கவில்லை?

அதையே வைத்து மூடினேன்.

பன்னிரண்டாம் நாள் காலை
யஞ்ச்மா கதவைத் தட்டிய விதத்திலேயே கோபம் தெரிந்தது.
"நாலு மணிக்குக் கத்தியது.
கதவைத் திறந்தேன், மேல்துணியை விலக்கினேன்,
பிள்ளைகளைப் போர்வையோடு இழுத்துப் பனியில் நிறுத்தினேன்.
இப்போது பார், இரண்டும் தும்முகின்றன.
உண்மையாகவே வந்ததா, இல்லை
உன் பெட்டி சும்மா பயந்ததா?"

தெரியவில்லை என்றேன்.
தெரியவே தெரியவில்லை.
பெரிய சிப்பாக இருந்திருந்தால்
நொடிநொடியாக எழுதி வைத்திருக்கும்.
நான் எடுத்ததற்கு இப்போது மட்டும்தான் தெரியும்.
மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று
நேற்றைத் துண்டித்துவிட்டிருக்கிறேன்.

"சத்தத்தைக் குறைத்துக் கொடு" என்றாள்.
முடியாது என்றேன்.
தேநீரைத் தொடாமல் போனாள்,
பெட்டியை மாலைக்குள் தந்துவிடச் சொல்லி.

அழியா நினைவில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்.
அதில் ஒன்றே ஒன்றை ஒதுக்கினேன்,
இரவில் ஏறிய உச்ச அளவுக்கு.
ஒரு பைட் இருநூற்று ஐம்பத்தைந்து வரைக்கும்தான் எண்ணும்.
அதற்கு மேல் போனால்
எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது,
கதவைத் திறக்க வேண்டும்.

மாலை ஐந்துக்கு மேடேறினேன்.
உள்ளே யாரோ தும்மும் சத்தம் கேட்டது.
பிறகு இன்னொருவர்.