வண்டிக்கு ஒன்பது ரூபாய்

அத்திப்பட்டு ரயில்வே கேட் தாண்டி
வேலி போட்ட யார்டில்
அறுநூற்றுப் பதினான்கு புதுக் கார்கள்
சித்திரையிலிருந்து நிற்கின்றன.
சீட்டின் பாலித்தீன் கூடக் கிழிபடவில்லை,
ஹாரன் அடித்தால் அடிக்கும்.
ஓடாது.
ஏதோ ஒன்று வரவேண்டுமாம்.

சூப்பர்வைசர் தேசிங்கு
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார்:
"இம்மாத்தூண்டு, ஜெகதா. இத்தான் இல்ல."

எனக்கு வேலை துடைப்பது.
அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி
ராத்திரி முழுக்கத் தூவும்.
விடிந்தால் சிவப்பு வண்டி எது வெள்ளை வண்டி எது,
அதற்கே தெரியாது.
காய்ந்த துணி பட்டால் கீறல்,
கீறலுக்கு நாற்பது பிடித்தம்.
முதலில் தண்ணீர், அப்புறம் ஈரத்துணி,
அப்புறம் மூச்சை அடக்கி, மெதுவாக.
நாளைக்கு அறுபது முடிந்தால்
இடுப்பு என்னுடையதில்லை.

சோற்று நேரத்தில் தேசிங்கு
போனைப் பார்த்து உலகத்தைச் சொல்வார்.
தைவான் என்று ஒரு தீவு.
"அந்தாண்ட இன்னொருத்தன் கப்பல நிறுத்திக்கீறான்."
அதைச் செய்யும் மிஷினை
ஐரோப்பாவில் ஒரே ஒரு கம்பெனி செய்கிறது;
இன்னாருக்கு விற்காதே என்று
வேறொரு நாடு உத்தரவு போடுகிறது.
உக்ரைனில் குண்டு விழுந்தால்
எங்கோ ஒரு வாயு நின்றுபோகிறது.
"நம்ம குழாயடி மாதிரி" என்றாள் மரிய புஷ்பம்.
இல்லடி, என்றேன்,
குழாயடியில் குடமாவது கண்ணுக்குத் தெரியும்.

"எதுலதான் செய்றாங்கோ அத்த?"
"மணல்ல."

துணியைப் பிழிந்தேன்.
வாளியின் அடியில் சாம்பல், விரலில் நறநறவென்று.
ஆற்றைச் சோதிக்க வந்த காலேஜ் பிள்ளைகள்
போன வருஷம் சொன்னார்கள்,
இதிலும் பாதி அந்த மணல் சரக்குதான் என்று.
நகமளவு இல்லாமல் நிற்கிற வண்டியின் மேல்
வாளி வாளியாக அதுவே.
யாரிடம் போய்ச் சொல்ல. சிரித்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
அது வரக்கூடாதென்று வேண்டியிருக்கிறேன்.
பையனுக்குப் பாலிடெக்னிக் பீஸ் பாக்கி,
அவன் அப்பா முகத்துவாரத்தில் இறால் தடவி
ஒரு கூடை கூடத் தேறாத வருஷம்.
குண்டு வேண்டாம். யாரும் சாக வேண்டாம்.
ரெண்டு பேரும் பேசாமல் முறைத்துக்கொண்டு
தீபாவளி வரைக்கும் இருந்தால் போதும்.

புரட்டாசியில் வந்தது.
பைக்கில் ஒரு பையன்,
முதுகில் சோறு கொண்டுவரும் பை மாதிரி ஒன்று,
உள்ளே அட்டைப்பெட்டி இரண்டு.
நகத்தைத் தீப்பெட்டி அளவுக் கார்டில் பதித்து
அறுநூற்றுப் பதினான்கும் அதற்குள் அடக்கம்.
கையெழுத்து வாங்கினான், தண்ணீர் கேட்டான்,
என் பாட்டிலிலிருந்துதான் கொடுத்தேன்.

நான்கு நாள்.
லேப்டாப் வைத்துக்கொண்டு பிள்ளைகள்
ஒவ்வொன்றாக எழுப்பினார்கள்.
மஞ்சள் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி
துறைமுகத்துக்கு வரிசையாகப் போயின.
எந்த நாட்டுக்கென்று தேசிங்குக்கும் தெரியவில்லை.

பாக்கிக் கூலி வாங்கப் போன அன்று
யார்டு முழுக்கச் சாம்பல்.
வண்டி நின்ற இடம் மட்டும்
கறுப்புக் கறுப்பாய், பாய் விரித்த மாதிரி.
மரிய புஷ்பம் ஒன்றின் நடுவில் குந்தி
டிபன் பாக்ஸைத் திறந்தாள்.
"இத்தயும் தொடைக்கச் சொல்லுவானாடி?"
வண்டியே இல்லையே, என்றேன்.
"ரேட்டு இன்னான்னு கேட்டு வையி."