ஏழு சொல்லுக்குக் குறையாமல்

லொசான் நகரில், ஏரியைப் பார்த்த ஓட்டலில்
தந்தி மேசை என்னுடையது.
ஒடீல் ஷப்புயி, காலை ஆறு முதல் இரண்டு வரை.
விருந்தினர்களின் முகம் எனக்கு மறந்துவிடும்,
சொல் கணக்கு மறக்காது.

அறை இருநூற்றுப் பன்னிரண்டு
வயிற்று வைத்தியத்துக்கு வந்தவர்.
நாள்தோறும் தலைநகருக்கு ஒரு தந்தி.
கையொப்பம் இது:

மேதகு மாண்பமை முனைவர் மார்ஷல்
குடியரசின் ஆயுட்காலத் தலைவர்
முப்படைகளின் பெருந்தளபதி
நதிகளின் காவலர்
அனாதைகளின் முதல் தந்தை

பதினான்கு.
பருப்பில் கல் பொறுக்குவதுபோல்
பென்சில் முனையால் தட்டித் தட்டி எண்ணுவேன்.
பெயர் அதில் கிடையாது.
செய்தி பெரும்பாலும் ஒரே சொல்:
கூடாது.
ஒருமுறை: தூக்கிலிடுக.
அதற்கும் அதே கட்டணம்தான்.
அனுப்பினேன்.
ரசீதும் கொடுத்தேன்.

செவ்வாய் விடியலில் வானொலி
அந்த நாட்டுக்குப் புதிய ஆள் ஒருவரைச் சொன்னது.
ஏழு மணிக்கு மேலாளர் பெரோஷே
அழிப்பானோடு வந்து நின்றார்.
"பெர்னிலிருந்து பேசினார்கள்.
இனி 'திரு' போதுமாம்."
சமையல்கட்டிலிருந்து கேள்வி வந்தது:
முட்டை வெள்ளிக் கிண்ணத்திலா, பீங்கானிலா?
அதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை.
முட்டை ஆறிப்போனது.

பத்தரைக்கு அவரே இறங்கி வந்தார்.
உதவியாளன் காரோடு போய்விட்டிருந்தான்.
சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தது.
தானே படிவம் கேட்டு, தானே எழுதினார்:

எவுலாலியா. நலம். அழாதே. தாவோ.

நான் எண்ணினேன்.
எண்ண என்ன இருக்கிறது?
"ஐயா," என்றேன். வாய் வேறெதையோ தொடங்கி
பாதியில் விழுங்கிய ஐயா அது.
"நான்குதான் இருக்கிறது.
குறைந்த கட்டணம் ஏழு சொல்லுக்கு.
இன்னும் மூன்று உங்களுக்கு மிச்சம்."

மூன்று சொல்லை
சில்லறை போலக் கையில் வைத்துக்கொண்டு
எங்கே செலவழிப்பதென்று தெரியாமல் நின்றார்.
பின்னால் நாய்க்குட்டியோடு ஒரு சீமாட்டி
தொண்டையைச் செருமினாள்.
'மார்ஷல்' என்று எழுதினார். அடித்தார்.
காகிதம் கிழிந்தது.
புதுப் படிவம் கொடுத்தேன்.
சன்னலைப் பார்த்தார், பிறகு எழுதினார்:

இங்கே ஏரி இருக்கிறது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது.
நாடாவை ஒட்டியபடியே படித்தேன்,
படிக்கக் கூடாதுதான்.
தம்பிக்கு அக்காள் அனுப்பியது,
சொந்தக் காசில்,
மேதகு தொடங்கி முதல் தந்தை வரை
ஒன்று குறையாமல் பதினான்கும்.
அதன் கீழே,
இரண்டே சொல்:

யார் அழுதது?

உறையில் எந்தப் பெயர் எழுதுவதென்று
வெகுநேரம் யோசித்தேன்.
அறை 212 என்று மட்டும் எழுதி
கதவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.
மறுபக்கம் யாரோ
குனியும் சத்தம் கேட்டது.