துத்தநாகம்

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
இருபத்தாறு வருசமாய்
எனக்குப் பேச்சு துருவோடுதான்.
உப்புக்காற்று கடிக்காது,
நக்கும்.
நக்கி நக்கியே ஒரு நங்கூரத்தைத் தின்றுவிடும்.

தடைக்காலத்தில் கரையேறிய
லிட்வினின் விசைப்படகை
நேற்று அடியில் படுத்துச் சுரண்டினேன்.
சுக்கான் பக்கம் நான் முடுக்கிய துத்தநாகக் கட்டி
போன வருசம் செங்கல் கனம்.
இப்போது எலி கொறித்த ரஸ்க்.
பக்கத்து இரும்பில் ஒரு கீறல் இல்லை.
இரும்புக்கு வரவேண்டியதை
அது வாங்கிக்கொண்டிருக்கிறது.
"புதுசு போடட்டா?"
"பின்னே? படகு கெடக்கணுமே."

எனக்கு நாற்பத்தொன்பது.
கண் முகாமில் பெயர் எழுதிய பெண்
"பென்ஷன் வருதா ஐயா?" என்று கேட்டாள்.

மார்த்தாண்டத்தில் டாக்டர் ஷெர்லி
ரத்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டே
"என்ன சாப்பிடுவீங்க?"
பத்து மணிக்கு பெனடிக்ட் கடை வடை.
நாலு மணிக்குப் பழம்பொரி.
செவ்வாய்க்கிழமை ஊற்றிய எண்ணெய்தான்
வெள்ளிக்கிழமையும் கருத்து நுரைக்கும்.
இடையில் ஏழு சாயா, ஏழிலும் சீனி.
பீடியைச் சொல்லவில்லை,
அவள் என் விரலைப் பார்த்துவிட்டாள்.

"மூச்சு விட்டாலே உள்ளே கொஞ்சம் துருப்பிடிக்கும்.
அதை யாராலும் நிறுத்த முடியாது.
நீங்க உப்புத் தண்ணியையும் அள்ளித் தெளிக்கிறீங்க."
சிரித்துவிட்டேன்.
என் தொழிலை என்னிடமே சொல்கிறாள்.

இன்று தூக்கில்
அவித்த மரச்சீனி, குடம்புளி போட்ட சாளை,
முருங்கையிலைத் துவரன்,
ஒரு மட்டிப்பழம், மூன்று நெல்லிக்காய்.
"ஆருக்க கல்யாணமாக்கும்?" என்றாள் ரெஜினா
அதிகாலையிலேயே இலை உருவிக்கொண்டு.

பழத்தை ஒரு கடி கடித்தேன், போன் வந்தது.
பேசி முடிப்பதற்குள்
கடித்த இடம் பழுப்பேறிவிட்டது.
உனக்குமா, என்றேன்.

தின்றால் சாவு தள்ளிப்போகும் நெல்லிக்கனி
பள்ளிக்கூடத்தில் படித்தது.
எனக்கு வாய்த்தது கருங்கல் சந்தையில்
கிலோ எழுபது, இரண்டு சொத்தை.
சாவேன், தெரியும்.
அடுத்த தடைக்காலம் வரை கரையாமல் கிடந்தால் போதும்,
அப்புறம் புதுசு போட்டுக்கொள்ளலாம்.

நாலு மணிக்குப் பழக்கம் மாறாமல்
காகிதப் பொட்டலம் வந்தது.
ஒன்றைத் தின்றேன், பொய் சொல்லவில்லை.
இன்னொன்று காகிதத்தைக் கண்ணாடியாக்கிக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் பார்த்தேன்,
அழகுக்காக லிட்வின்
புதுக் கட்டியின் மேலும் நீலப் பெயிண்ட்டோடு வருகிறான்.
"லேய், அதை மூடாத!
அது கரையணும்.
அதுக்குத்தான் போட்டிருக்கு."