முப்பத்தோராம் நாள்

கரடிப்போக்குச் சந்தியில் ரயர்க்கடைக்குப் பின்னால்
பற்குணத்தின் தகரக் கொட்டில்.
அதற்குள் ஒரு பில்லியட் மேசை.
நீர்கொழும்பில் ஏதோ ஹோட்டல் மூடினபோது
மரக்கறி லொறியில், கோவாவுக்கு மேல்
குப்புறப் படுத்து வந்ததாம்.
பச்சைத் துணியில் ஒரு பொத்தல் இருக்கிறது,
என் கையிலிருந்து விழுந்த நெருப்பு.
"அதுக்கு ரெண்டாயிரம்" என்று
பற்குணம் கொப்பியில் எழுதி வைத்தார்.

அந்த நாட்களில் எனக்குக் கோடுகள் தெரியும்.
வெள்ளையிலிருந்து புறப்பட்டு
விளிம்பில் முட்டித் திரும்பி
மூலைப் பையின் வாய்வரை போகும்
சோக்கட்டிக் கோடுகள்.
நீளமாக அடித்தால்
கடைசி ஒரு முழத்தில் பந்து
இடப்பக்கம் வளைந்து விழும்.
"கை மச்சான், அது கை" என்பான் சுலக்சன்
புகையை நெஞ்சுக்குள் பிடித்துக்கொண்டே.
நானும் நம்பினேன்.

வேலை? தண்ணீர்ப் பம்ப் திருத்துவது.
வட்டக்கச்சி மரியநாயகத்தின் பம்ப்
இருபத்துமூன்று நாள்
என் சாக்கின் மேல் வயிறு பிளந்து கிடந்தது.
நாளைக்கு என்றேன்.
அவர் வரும்போதெல்லாம் நாளைக்கு.
அவருடைய மிளகாய்க் கன்றுகளுக்கு
அந்தச் சொல் விளங்கவில்லை.
ஒருநாள் வந்தார். ஏசவில்லை.
துண்டு துண்டாக யூரியா பையில் பொறுக்கிப் போட்டு
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார்.

ஒரு பிஸ்டன் ரிங் மட்டும்
என் காற்சட்டைப் பையில் தங்கிவிட்டது.
கோபிதா தோய்க்கும்போது எடுத்துக் கல்லில் வைத்திருக்கிறாள்.
மகள் அதை வளையலாகப் போட்டுக்கொண்டு
வளவெல்லாம் திரிந்தாள்.
"அப்பா வாங்கித் தந்தது" என்று
பக்கத்து வீட்டுக்கும் காட்டினாள்.
அன்றிரவு பொட்டலத்தை
கக்கூசுக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன்.
இரண்டு வாளி போதவில்லை.

முதற் கிழமை சோறு மண்.
கரண்டி சட்டியில் பட்டால்
யாரையாவது அடிக்கலாம் போலிருந்தது.
தலையணை நனைந்தது.
ஏ ஒன்பதில் போகும் லொறிகளை எண்ணினேன்,
நூற்றுப் பதினாறு வரை,
பிறகு ஒரு பஸ் எண்ணிக்கையைக் கெடுத்தது.
மூன்றாம் கிழமை கனவு வந்தது.
இத்தனை வருசம் புகைக்குப் பயந்து
வெளியில் நின்ற கனவு.
அதை எழுதமாட்டேன்.
தறப்பாளுக்குள் வெளிச்சம் நீலமாக இருந்தது,
அவ்வளவுதான்.

இன்று முப்பத்தொன்று.
செத்தவீடென்றால் அந்தியேட்டி,
ஆளை முறையாக அனுப்பிவைத்திருப்பார்கள்.
நான் தடியை எடுத்தேன்.
கோடு ஒன்றுமில்லை.
பந்துகள் வெறும் பந்துகள்.
ஆறாம் இலக்கத்தில் ஒரு உடைவு,
முன்பு பார்த்ததேயில்லை.
குழந்தையும் போடக்கூடிய பந்தை விட்டேன்.
சுலக்சனுக்கு ஐந்நூறு போனது.

பந்துகளை அடுக்கும்போதுதான் கண்டேன்:
யாரும் தொடாமல் மஞ்சள் பந்து
மெல்ல, வெட்கப்பட்டதுபோல்,
இடப்பக்கம் உருண்டது.
குனிந்து பார்த்தேன்.
ஒரு கால் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது,
மற்றதற்குக் கீழே ஓட்டுத்துண்டு.
"இது எப்ப இருந்து?"
"வந்த நாளில இருந்து" என்றார் பற்குணம்.
"எல்லாருக்கும் தெரியுமே.
நீ தெரிஞ்சுதான் அடிக்கிறாய் எண்டு நினைச்சன்."

நாளைக்கு மட்டம் கொண்டுவந்து
நிமிர்த்தித் தருகிறேன் என்றேன்.
கொட்டில் முழுக்க ஒரே சத்தம்.
"வேண்டாம். நேராக்கினா
நாங்கள் எப்பிடி விளையாடுறது?"

வெளியில் ரயர்க்கடை ஓரம் அந்த மணம்.
சைக்கிளில் ஏறாமல்
யாழ்ப்பாணம் போகும் ரயில் கடக்கும்வரை நின்றேன்.
பெட்டிகள் முடிந்தன, மணம் முடியவில்லை.
பெடலை மிதித்தேன்.

வீட்டில் மகளிடம் ரிங்கைக் கேட்டேன்.
கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.
சரி, புதிது மூவாயிரம்.
பற்குணத்துக்கு இரண்டாயிரம்.
மரியநாயகத்தின் கன்றுகளுக்கு
எவ்வளவென்று அவரைத்தான் கேட்கவேண்டும்.
விடிய வட்டக்கச்சிக்குப் போகிறேன்.
கோபிதாவிடம் சொன்னபோது
"நாளைக்கோ?" என்றாள்,
தலையைத் தூக்காமல்
அரிசியில் கல்லைப் பொறுக்கிக்கொண்டே.