மூன்று பவுண்டுக் காற்று

போன பிப்ரவரியில்
பார்தார் பள்ளத்தாக்கின் வாயிலேயே
என் ஜீப் வயிறுவரை பனிக்குள் உட்கார்ந்துகொண்டது.
நாலு சக்கரமும் சுற்றின, எங்கும் போகாமல்.
மண்வெட்டி, பலகை, கெட்ட வார்த்தை
மூன்றும் தீர்ந்தபின் கைபேசியை எடுத்தேன்.
கன்றின் ஒரு கால்தான் வெளியே தெரிகிறது என்றார் க்ரீமூர்.
கையை விடுங்கள். இன்னும் உள்ளே.
மடங்கிக் கிடக்கும் மற்றொரு முழங்காலைத் தேடுங்கள்.
நாற்பது நிமிடம்
என் விரல்களை அவர் தோளில் பொருத்தப் பார்த்தேன்.
பிறகு அவர் சொன்னார்,
"டாக்டர், இனி நீங்கள் மெதுவாகவே வரலாம்."

தோர்டிஸ் ஹூசவிக் துறைமுகத்தில்
மீன்பிடிக் கப்பல்களுக்கு வெல்டிங் வைப்பவள்.
கூலி பேசினோம்:
அவள் பூனைக்கு ஆயுள் முழுக்க வைத்தியம்.
ஜீப்பைச் சுற்றி வந்தாள். தட்டினாள்.
"முப்பத்தொன்று போதாது. முப்பத்தெட்டு அங்குலம்.
அதற்கு இடம் வேண்டும்."

இடம் என்பது இரும்பில் சும்மா கிடைப்பதில்லை.
சட்டத்துக்கும் உடலுக்கும் நடுவே
பத்துக் கறுப்பு நைலான் வட்டுகள்.
அவற்றைச் செருக, பத்து பழைய போல்ட்டுகள்.
ஆறு கழன்றன.
நாலு, துருவோடு குடித்தனம் நடத்தியவை,
தீயைக் காட்டிய பிறகுதான் வழிவிட்டன.
நீளமான ஸ்பிரிங். அதற்கேற்ற ஷாக்.
ஒன்றை உயர்த்தினால் ஒன்பது எட்டாமல் போகிறது:
பிரேக் ஹோஸ் எட்டவில்லை,
ஸ்டியரிங் தண்டு எட்டவில்லை,
கியர்க் கம்பி தரைவிரிப்பில் இடிக்கிறது,
முன் ஆக்சில் கோபித்துக்கொண்டு
ஒரு பக்கமாக நகர்ந்து நிற்கிறது.
"சாண் ஏறினால் முழம் செலவு," என்றேன்.
அவள் சிரிக்கவில்லை. முகமூடிக்குள் இருந்தாள்.

சக்கர வளைவுகளை கிரைண்டரால் அறுத்தபோது மட்டும்
நான் வெளியே போய் நின்றேன்.
எத்தனை மாட்டின் வயிற்றை அறுத்திருக்கிறேன்,
கண் சிமிட்டாமல்.

மார்ச்சில் தொடங்கியது. நவம்பரில் முடிந்தது.
வேகமானி இப்போது பொய் சொல்கிறது,
எண்பது என்று அது காட்டினால் தொண்ணூற்றெட்டு.
ஏறி உட்கார ஒரு படி வேண்டியிருக்கிறது.
சாவியைத் திருப்பினேன், பின்னால் எடுத்தேன்,
தோர்டிஸ் இரண்டு கையையும் தூக்கினாள்.
கொட்டகைக் கதவின் மேல் உத்தரம்.
கூரை அதைவிட இரண்டு விரற்கடை உயரம்.

எட்டு மாதம் உயர்த்திய இருவரும்
ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.
"அளக்கவில்லையா?"
"நீ அளந்தாய் என்று நினைத்தேன்."
பிறகு அவள் குனிந்து
முதல் சக்கரத்தின் மூடியைக் கழற்றினாள்.
ஸ்ஸ்ஸ் என்று பெருமூச்சு.
இரண்டாவது. மூன்றாவது. நாலாவது.
மூன்று பவுண்டில்
டயரின் கன்னங்கள் பிதுங்கித் தரையில் பரவின.
தலை தாழ்த்தி வெளியே வந்தது ஜீப்,
உத்தரத்தின் தூசியில் ஒரு கோடு மட்டும் கிழித்து.
"பனியிலும் இப்படித்தான் ஓட்டப்போகிறாய்,"
என்றாள் தோர்டிஸ்.
"இவ்வளவு உயரமும் இந்தத் தளர்ச்சிக்குத்தான்."

இந்தப் பிப்ரவரி, இரவு இரண்டு மணி. க்ரீமூர்.
போன வருடம் புதைந்த இடத்தை
எது என்று தெரியாமலே கடந்தேன்.
அவர் முற்றத்து விளக்கில் வந்து நின்றார்,
என்னைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தார்,
பூட்ஸ் நுனியால் மெல்ல உதைத்தார்.
"இது எப்போது?"

மாடு தானாகவே ஈன்றிருந்தது.
கன்று எழுந்து, விழுந்து, எழுந்து
என் பையை நக்கியது.
செய்ய எனக்கு ஒன்றுமில்லை.
காப்பி குடித்தேன், இரண்டு கோப்பை.

விடியலில் திரும்பும்போது
வந்த தடத்தைத் தேடினேன்.
அகலமாய், ஒரு விரல் ஆழம்கூட இல்லாமல்;
பாதியைக் காற்று ஏற்கெனவே அழித்திருந்தது.
தோர்டிஸ் அழைத்தாள்.
கன்றைப் பற்றிக் கேட்கவில்லை.
"இடப்பக்கம் இழுக்கிறதா?"
"கொஞ்சம்," என்றேன்.
"ஞாயிற்றுக்கிழமை கொண்டு வா.
கதவுக்கு வெளியிலேயே நிறுத்து."